ஒரத்தநாட்டு அண்ணன் கேட்ட கேள்வி

“நீங்கள் எந்த நாட்டிலிருந்து வந்தவர்?” என்று டாக்சி ஓட்டுநரும் அலுவலக நண்பரும் சிங்கப்பூர்த் தமிழர்களான நம்மிடம் கேட்ட அனுபவங்களைப் பலர் இங்கே பகிர்ந்திருக்கிறீர்கள். என்னை நெடுநாள் யோசிக்க வைத்த கேள்வி ஒரு தமிழரிடமிருந்து வந்தது. எனக்கு வயது 25. ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடொன்றில் பெற்றோருடனும் அப்பாவைப் பெற்ற பாட்டியுடனும் வசிக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பாட்டிக்கு வெற்றிலையும் முருங்கைக்கீரையும் வாங்கிக்கொண்டு லிட்டில் இந்தியா வட்டாரத்தின் தேக்காவில் பேருந்துக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க கட்டுமான ஊழியர் ஒருவர், ஊரில் இருக்கும் மகளுக்கு வாங்கிய பள்ளிப் பையை வீடியோ அழைப்பில் காட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்து, உள்ளே கைவிட்டு, “இதுல தண்ணி பாட்டில், இதுல டிபன் பாக்ஸ்” என்று விளக்கினார். அழைப்பு முடிந்ததும் என்னைப் பார்த்து, “தம்பிக்கு எந்த ஊரு?” என்றார். சிங்கப்பூர்தான் என்றேன். “அது சரி, சொந்த ஊரு?” தாத்தாவுக்கு மன்னார்குடிப் பக்கம் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது, அவருக்கு ஒரத்தநாடு. பேருந்து வரும்வரை ஊர்க் கதை பேசினோம். ஏறப்போகும் நேரத்தில், “உங்க தாத்தாவும் என்னை மாதிரிதானே வந்திருப்பாரு, அவரால மட்டும் எப்படித் தம்பி இங்கேயே இருக்க முடிஞ்சுது?” என்று கேட்டார். அந்தக் குரலில் பொறாமை துளியும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆர்வம் மட்டுமே இருந்தது. பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கட்டாய ராணுவப் பணியான தேசியச் சேவையின்போது, பயிற்சித் தீவான புலாவ் தெக்கோங்கில் விசுவாசப் பிரமாணம் எடுத்தவன் நான். மலாய் மொழியில் வரும் அணிவகுப்பு ஆணைகளுக்கு என் கால்கள் தாமாகவே நகரும். பள்ளி நாள்களில் தினமும் சொன்ன தேசிய உறுதிமொழியை 1966இல் வரைந்த திரு. சி. ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்பதைப் பாடத்தில் படித்திருக்கிறேன். ஆனால் என் வீட்டார் இந்த நாட்டுக்காரர்கள் ஆனது எப்படி என்று நான் யாரிடமும் கேட்டதே இல்லை.

அன்றிரவு பாட்டியிடம் கேட்டேன். வெற்றிலையின் காம்பைக் கிள்ளியபடியே சொன்னார். தாத்தா 1950களில் வந்து செம்பவாங் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் கூலி வேலைக்குச் சேர்ந்தார். பாட்டி பிறகு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்து சேர்ந்தார். வெளிநாட்டில் பிறந்தவர்களும் பதிவுசெய்து குடிமக்களாக 1957ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வழிசெய்தது. நண்பர்கள் வற்புறுத்தியதால் தாத்தா போய்ப் பதிந்துவிட்டு வந்தாராம். அந்தத் தாளை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டதோடு சரி. 1968இல் பிரிட்டிஷ் அரசு படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தபோதுதான் அந்தத் தாளுக்கு மதிப்பு வந்தது. நாட்டின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் தளங்களைச் சார்ந்திருந்த காலம் அது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி இல்லாமல் வேறு வேலைக்குப் போக முடியாது. குடியிருப்பில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். தாத்தாவுக்கும் போகத்தான் மனம். ஆனால் பெரியப்பா அப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருந்தார். “புள்ள படிப்பு முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்று பாட்டி சொன்னாராம். தளத்தின் பழுதுபார்க்கும் பிரிவு செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியபோது தாத்தாவுக்கு அங்கேயே வேலை கிடைத்தது. அந்த “அப்புறம்” வரவே இல்லை.

நாட்டுப்பற்று என்ற பேச்சே பாட்டியின் கதையில் எங்கும் இல்லை என்பது முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. யோசிக்க யோசிக்க, ஒரு பிள்ளையின் படிப்புக்காக ஊரையும் உறவையும் விட்டுக்கொடுத்த அந்த முடிவு, நான் கைதூக்கி எடுத்த பிரமாணத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல என்றே எனக்குப் படுகிறது. ஒரத்தநாட்டு அண்ணனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. வொர்க் பர்மிட்டில் வருபவர் எத்தனை ஆண்டு உழைத்தாலும் குடும்பத்தை அழைத்து வர முடியாது. நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கவும் வழியில்லை. சிறிய நாட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு தேவை என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் நாங்கள் இருவரும் ஒரே தமிழைப் பேசிக்கொண்டு ஒரே பேருந்து நிறுத்தத்தில் நின்றதற்கும், அவர் விடுதிக்கும் நான் வீட்டுக்கும் போனதற்கும் இடையில் இருந்தது ஒரு சட்டமும் ஒரு காலகட்டமும்தான். என் தகுதி எதுவும் இல்லை. நம் வயதினர் சிலர் இந்த ஊழியர்களைக் கண்டதும், தம்மையும் அவர்களோடு சேர்த்துப் பார்த்துவிடுவார்களோ என்று தமிழை விட்டு ஆங்கிலத்துக்குத் தாவுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

இங்கிருப்பவர்களில் எவருடைய தாத்தா பாட்டியாவது கடற்படைத் தளத்தில் இருந்திருந்தால், பிரிட்டிஷ் படைகள் விலகிய 1968 முதல் 1971 வரையான காலத்தில் போவதா இருப்பதா என்று உங்கள் வீட்டில் எப்படி முடிவெடுத்தார்கள், திரும்பிப் போனவர்களோடு தொடர்பு இருக்கிறதா என்று எழுதுங்கள். பாட்டிக்கு வாசித்துக் காட்டுகிறேன். எதிர்வீட்டில் இருந்து பட்டுக்கோட்டைக்குத் திரும்பிய ஒரு குடும்பத்தைப் பற்றி அவர் இன்றும் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்.