புதுப்பிப்பு: ஆக்சிஜன் சென்சார் மேல் குற்றமில்லை

போன வாரம் கேட்டிருந்தேன்: காரில் என்ஜின் விளக்கு எரிகிறது, பி0171 குறியீடு (காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்று பொருள்) வருகிறது, கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) முன்னால், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை உணரும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக், மாற்றலாமா என்று. மாற்றவில்லை. நல்லவேளை.

என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஸ்கேனரில் பார்த்தேன். 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டிய சென்சார், 0.1-லேயே, அதாவது எரிபொருள் குறைவு என்று காட்டியபடியே, படுத்துக் கிடந்தது. செத்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் த்ராட்டில் அருகே உள்ள வேக்குவம் குழாய் வழியே எரிபொருள் போல எரியும் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிது பீய்ச்சியதும் ஒரே தாவலில் 0.85! (எளிதில் தீப்பிடிக்கும், சூடான எக்ஸாஸ்ட் பக்கம் படக் கூடாது.) பாவம், சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்த துப்பு ஃபியூயல் டிரிம், அதாவது என்ஜின் கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுகிறது என்ற கணக்கு. ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) +24 சதவீதம், 2500 ஆர்.பி.எம்.மில் +6. ஐடிலில்தான் மோசம் என்றால் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது என்று சந்தேகப்படலாம். தேடினால், பி.சி.வி. குழாயின் (என்ஜினுக்குள் சேரும் வாயுவை மீண்டும் காற்று உள்வழிக்குக் கொண்டுபோகும் குழாய்) அடிப்பக்க வளைவில் விரிசல். கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத்தான் அகப்பட்டது. குழாயை மாற்றி நான்கு நாள் ஆகிறது. டிரிம் +3, விளக்கு எரியவில்லை.

சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் மின்தடையை அளக்கச் சொன்னவருக்கு: குளிர்ந்த நிலையில் 6 ஓம் காட்டியது.