மறு: கலிபோர்னியா உள்ளாட்சித் தேர்தல்: ‘பேலட் மெஷர்’ தமிழில்?

> ‘வாக்குச்சீட்டு நடவடிக்கை’ என்றே வைத்துக்கொள்ளலாமே? ஆங்கிலத்துக்கும் நெருக்கம்.

வணக்கம் ஐயா.

நெருக்கம்தான், ஆனால் படிப்பவருக்குப் புரியாது. நடவடிக்கை என்றதும் யாரோ யார் மீதோ எடுப்பது என்றுதான் தோன்றும். இங்கே நகரமோ கவுண்டியோ (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஒரு சட்டமோ வரியோ கடன்பத்திரமோ வேண்டுமா என்று வாக்காளரையே கேட்கிறது. சீட்டில் வரும் அந்தக் கேள்வி 75 சொற்களைத் தாண்டக்கூடாது. வரி என்றால் ஆண்டுக்கு எவ்வளவு வசூலாகும், என்ன விகிதம், எத்தனை காலம் என்பதையும் அதற்குள்ளேயே சொல்லியாக வேண்டும்.

என் பரிந்துரை ‘வாக்குத்தீர்மானம்’. தீர்மானம் என்றால் முடிந்த முடிவல்லவா என்று இழையில் ஒருவர் கேட்டிருந்தார். நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள், அது தோற்றது என்று நாம் எழுதாததா? வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: ‘2016-இல் சான்டா கிளாரா கவுண்டியில் 95 கோடி டாலர் வீட்டுவசதிக் கடன்பத்திரத்துக்கான ‘ஏ’ தீர்மானம், தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்கைச் சற்றே தாண்டி நிறைவேறியது.’ எங்கும் தடுக்கவில்லை.

என் கவலையெல்லாம் ‘ரெஃபரண்டம்’ பற்றித்தான். நம் கலைச்சொல் பட்டியலில் ‘மறுப்பு வாக்கெடுப்பு’ என்று இருக்கிறது. அதை மாற்றியே ஆக வேண்டும். தனிச் சாசனம் (நகரம் தனக்கென வகுத்துக்கொள்ளும் அடிப்படைச் சட்டம்) இல்லாத நகரங்களில், நகர மன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு எதிராக 30 நாளுக்குள் பதிவுபெற்ற வாக்காளரில் 10 சதவீதம் பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அந்தச் சட்டம் நின்றுவிடும். மன்றம் அதை முழுதாக நீக்க வேண்டும், இல்லையேல் வாக்குக்கு விட வேண்டும். வாக்குக்கு வந்தால் ‘ஆம்’ என்பது சட்டம் இருக்கட்டும் என்று பொருள். எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவர் ‘இல்லை’ என்றுதான் வாக்களிக்க வேண்டும். தலைப்பில் ‘மறுப்பு’ என்றிருந்தால் அவர் ‘ஆம், மறுக்கிறேன்’ என்று நினைத்து, தான் எதிர்த்த சட்டத்துக்கே வாக்களித்துவிடுவார். ‘ஏற்பு வாக்கெடுப்பு’ என்று வையுங்கள், இந்தக் குழப்பம் வராது.

வாக்காளரே கையெழுத்து திரட்டி ஒரு சட்டத்தைக் கொண்டுவரும் ‘இனிஷியேட்டிவ்’ என்பதற்கு ‘மக்கள் முன்மொழிவு’ போதும். கையெழுத்து சேர்ந்ததும் மன்றம் அதை ஒரு சொல்லும் மாற்றாமல் தானே சட்டமாக்கலாம். அப்படிச் செய்யாமல் வாக்குக்கு விட்டால்தான் அது வாக்குத்தீர்மானம் ஆகிறது.

---

அம்மா,

‘ஏற்பு வாக்கெடுப்பு’ எனக்கு முழுச் சம்மதம். ‘வாக்குத்தீர்மானம்’ பற்றி ஒரே ஒரு தயக்கம் இருந்தது: மன்றமே போடும் தீர்மானத்தோடு குழம்புமோ என்று. அதை ‘மன்றத் தீர்மானம்’ என்று பிரித்து எழுதினால் சரியாகிவிடும்.

அப்புறம், ‘சிறப்பு வரி’ என்பதையும் எடுத்துவிடலாம். ஏதோ உயர்ந்த வரி போலத் தொனிக்கிறது. வசூலைக் குறிப்பிட்ட ஒரு வேலைக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்பதுதானே விஷயம்? ‘தனிநோக்க வரி’ என்றால் தெளிவு. பொதுச் செலவுக்கான வரிக்கு, மாநில வாக்காளர் நிறைவேற்றிய 1996-இன் 218-ஆம் முன்மொழிவுப்படி (‘ப்ரொபொசிஷன்’) பாதிக்கு மேல் வாக்கு கிடைத்தால் போதும். மன்றம் கொண்டுவரும் தனிநோக்க வரிக்கு 1978-இன் 13-ஆம் முன்மொழிவு மூன்றில் இரண்டு பங்கு கேட்கிறது. அதே வரியை மக்கள் கையெழுத்து திரட்டிக் கொண்டுவந்தால் பாதிக்கு மேல் போதும் என்று, அப்லாண்ட் நகர வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2017-இல் தந்த தீர்ப்பை அடியொற்றி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆகவே பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘மன்றம் கொண்டுவந்தது’, ‘மக்கள் கொண்டுவந்தது’ என்று ஒரு குறிப்பு வேண்டும். அதை நான் எழுதித் தருகிறேன்.