ஹாலோவீனுக்கு சங்கக் காசு கொடுக்கலாமா? ஒரு பொருளாளரின் குழப்பம்

பனைமட்டை:

சோழிங்கநல்லூர் பக்கம் 212 வீடுகள் உள்ள அடுக்ககம் எங்களுடையது. நான் சங்கத்தின் பொருளாளர். தேர்தலில் வேறு யாரும் நிற்கவில்லை, அதனால் பொருளாளர். போன வாரம் பி பிளாக் இளைஞர்கள் விழாக் கணக்கிலிருந்து 18,000 ரூபாய் கேட்டு ஒரு தாள் கொடுத்தார்கள். அக்டோபர் 31, ஹாலோவீன். பிளாஸ்டிக் பூசணி, பஞ்சில் செய்த சிலந்தி வலை, சாக்லேட், ஆளுயர எலும்புக்கூடு ஒன்று. அந்த எலும்புக்கூடு மட்டும் 4,200.

அன்று இரவே வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்துவிட்டது. ஏ பிளாக்கில் ஒரு பெரியவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், "இன்றைக்குப் பேய் வேஷம். நாளைக்கு நம் பிள்ளைகளுக்குத் தை மாதம் எப்போது வரும் என்றே தெரியாது" என்று போட்டார். அதற்கு ஒரு பையன் சிரிக்கும் பொம்மை போட்டான். பெரியவர் குழுவை விட்டு வெளியேறினார். மறுநாள் காலை அவர் மனைவி வந்து திரும்பச் சேர்க்கச் சொன்னார், தண்ணீர் லாரி வரும் நேரம் தெரியவில்லையாம்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் மனம் ஒப்பவில்லை. நான் விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன். கார்த்திகை என்றால் எங்களுக்கு மாவலிதான். ஆண் பனையின் பூவைக் குழியில் போட்டு எரித்து, மண் தள்ளி மூடிக் கரியாக்கி, இடித்துத் தூளாக்கி, பழைய வேட்டித் துணியில் சுருட்டிக் கட்டுவோம். அதைப் பிளந்த பனைமட்டைக்கு நடுவில் இறுக்கி, நுனியில் கங்கு வைத்து, கயிற்றில் கட்டித் தலைக்கு மேலே சுற்றினால் பொறி வட்ட வட்டமாகக் கொட்டும். என் இடது புருவத்தில் இன்றைக்கும் அதன் தழும்பு இருக்கிறது. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு இது எதுவும் தெரியாது. அவள் கேட்பது சூனியக்காரித் தொப்பி.

ஆனால் போன வருடம் ஒன்று நடந்தது. 2024-ல் தீபாவளியும் அக்டோபர் 31 அன்றே வந்தது, ஞாபகம் இருக்கும். சாயங்காலம் பட்டுப்பாவாடையும் கறுப்புக் கூம்புத் தொப்பியுமாக ஏழெட்டுக் குழந்தைகள் கதவு கதவாகத் தட்டி சாக்லேட் கேட்டார்கள். வீடுகளில் இருந்தது மைசூர்பாகும் மிக்சரும்தான். அதை வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்றாவது மாடியைத் தாண்டி யாரையும் தெரியாத என் மகள், பதினோராவது மாடியில் ஒரு பாட்டியைச் சிநேகம் பிடித்துக்கொண்டு வந்தாள். அன்று எனக்குக் கோபம் வரவே இல்லை. குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது.

அப்புறம், இந்த வருடம் பிளாஸ்டிக் பூசணியின் படத்தைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "அப்பா, கட்டடம் கட்டுற இடத்துல மீசை போட்டுத் தொங்குமே, அந்தப் பூசணிக்காயா இது?"

சரி, கேள்விக்கு வருகிறேன். அடுத்தவர் பண்டிகையைக் கொண்டாடினால் நம்முடையது தேய்ந்துபோகுமா? "கொண்டாடினால் என்ன குறைந்துவிடும்", "தடை போடு" இரண்டையும் நிறையக் கேட்டாயிற்று. காதலர் தினத்தன்று பசுவைக் கட்டிப்பிடியுங்கள் என்று 2023-ல் விலங்குகள் நல வாரியம் அறிவித்து, நாலே நாளில் வாபஸ் வாங்கியதையும் பார்த்தோம். கண்ணால் கண்டவர்கள் சொல்லுங்கள். சனிக்கிழமை கூட்டம் இருக்கிறது.

நிஷிகசாய்_ரிட்டன்:

டோக்கியோவில், நம் ஆட்கள் நிறைய இருக்கும் எடோகாவா வட்டாரத்தில் ஒன்பது வருடம் இருந்தேன். அந்த ஊரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். கிறிஸ்துமஸுக்கு அரசு விடுமுறை கிடையாது. ஆனால் டிசம்பர் 24 சாயங்காலம் வெளியே போய்ப் பாருங்கள். ஸ்ட்ராபெரி வைத்த வெள்ளைக் கேக் இல்லாத கடை இருக்காது. கேஎஃப்சி வாசலில் வரிசை நிற்கும், கோழிக்கு வாரக்கணக்கில் முன்பதிவு செய்திருப்பார்கள். 1974-ல் அந்த நிறுவனம் செய்த விளம்பரத்தில் பிடித்துக்கொண்ட வழக்கம் அது. முதல் வருடம் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நாலாவது வருடம் நானும் வரிசையில் நின்றேன்.

26-ஆம் தேதி காலையில் அதே கடை வாசலில் கிறிஸ்துமஸ் மரம் இருக்காது. அந்த இடத்தில் மூங்கிலும் பைன் கிளையும் கட்டிய புத்தாண்டு அலங்காரம் நிற்கும். ஒரே ராத்திரியில் மாற்றிவிடுவார்கள். 31 இரவு சோபா நூடுல்ஸ், நள்ளிரவில் புத்தர் கோயில்களில் 108 மணியடிப்பு, விடிந்தால் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாக. இதில் வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு சிரத்தையாகக் கொண்டாடும் ஜனவரி 1-ஏ அவர்களுக்கு வெளியிலிருந்து வந்த தேதிதான். 1873-ல் மேற்கத்திய நாட்காட்டிக்கு மாறினார்கள். அதுவரை சந்திரனைப் பார்த்துத்தான் புத்தாண்டு. தேதியைத்தான் மாற்றினார்கள். அடுப்படியும் கோயிலும் தம்பாட்டுக்கு நடந்தன.

காதலர் தினம் இன்னும் விசேஷம். அங்கே பெண்கள்தான் ஆண்களுக்கு சாக்லேட் கொடுப்பார்கள், பிடிக்காத மேலாளருக்கும் சேர்த்து. அதற்கு "கிரி சோகோ" என்று பெயர், கடமைக்குக் கொடுக்கும் சாக்லேட். மார்ச் 14 அன்று ஆண்கள் பதிலுக்குக் கொடுக்க வேண்டும். எனக்கு அது தெரியாமல் போய், மார்ச் 15 காலை அலுவலகத்தில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஹாலோவீன் மட்டும் அவர்களுக்குச் சரியாக அமையவில்லை. டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் தெருவில் குடித்துவிட்டு ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். 2018-ல் அங்கே ஒரு சிறு லாரியையே கவிழ்த்தார்கள். 2019-ல் அந்த நாட்களில் தெருவில் குடிக்கத் தடை வந்தது. 2023-ல் மேயரே "ஹாலோவீனுக்கு ஷிபுயா வராதீர்கள்" என்றார். கோயில் திருவிழாவிலும் அங்கே குடிப்பார்கள்தான், ஆனால் குடித்தவனைத் தோளைப் பிடித்து உட்காரவைக்கத் தெருவிலேயே ஒரு பெரியவர் இருப்பார். ஷிபுயாவில் அப்படி யாரும் இல்லை.

அந்தத் திருவிழாவில் சாமிப் பல்லக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு தெரு சுற்றுவார்கள். எங்கள் தெருப் பல்லக்குக்கு ஆள் பற்றவில்லை என்று என்னைக் கூப்பிட்டுச் சட்டை மாட்டித் தூக்கவைத்தார்கள். தோள் ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது. அங்கிருந்த தாத்தாவிடம் கிறிஸ்துமஸால்தான் இளவட்டங்கள் வருவதில்லையா என்று கேட்டேன். "பிள்ளைகளே பிறப்பதில்லையே தம்பி" என்றார். தம்பி என்று நான்தான் மொழிபெயர்த்துக்கொண்டேன்.

மயிலைத்_தமிழாசிரியை:

பொருளாளர் தம்பிக்கு, நான் முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் தமிழ் நடத்தியவள். எங்கள் கபாலீசுவரர் கோயிலுக்குச் சம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகத்தை எடுத்துப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டில் மயிலாப்பூர் கொண்டாடிய விழாக்கள் வரிசையாக இருக்கின்றன. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம். தீபாவளி அதில் இல்லை. ஓணம் இருக்கிறது. இன்று மாட வீதியில் யாரிடமாவது ஓணம் எந்த ஊர்ப் பண்டிகை என்று கேட்டால் கேரளம் என்பார்கள். கேரளத்தாரா வந்து தூக்கிக்கொண்டு போனார்கள்?

பழைய சோழத் துறைமுகமான புகார் நகரத்தில் இந்திர விழா இருபத்தெட்டு நாள் நடந்ததாக மணிமேகலை சொல்கிறது. அதை அழிக்க எந்த வெளிநாட்டுப் பண்டிகையும் வரவில்லை. நகரம் போயிற்று, விழாவும் போயிற்று.

ஆனால் தம்பி, ஏ பிளாக் பெரியவரைப் பார்த்துச் சிரித்த பையன் செய்தது தப்பு. அவர் பயப்படுவது பூசணிக்காயைப் பார்த்து இல்லை. தான் சொல்வதைக் கேட்க வீட்டில் யாரும் இல்லையே என்று பயப்படுகிறார். எனக்கு அந்தப் பயம் நன்றாகத் தெரியும்.

ஃபேன்சி_ஸ்டோர்_முருகு:

தாம்பரத்தில் கடை வைத்திருக்கிறேன். போன அக்டோபரில் ஹாலோவீன் சாமான் இரண்டு பெட்டி எடுத்தேன், ஒன்று இன்னும் பரணில் கிடக்கிறது. தொப்பி மட்டும் போயிற்று. பெரிய ஆபத்தாக எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்வேன். வெளிநாட்டுப் பண்டிகை பெட்டியில் வருகிறது. பெட்டியைப் பிரித்து மாட்டினால் முடிந்தது. மாவலி எந்தப் பெட்டியிலும் வராது அண்ணா, நானும் தேடிப் பார்த்துவிட்டேன். பனை ஏறுபவர் வேண்டும், குழி வெட்ட இடம் வேண்டும், சொல்லித்தர ஒருவர் வேண்டும். உங்கள் 212 வீட்டில் எத்தனை பேருக்குக் கரி இடிக்க நேரம் இருக்கிறது?

கேட்டதற்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும்: ஹாலோவீன் அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன பண்டிகை. ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், போன இடத்தில் பூசணியைக் குடைந்தார்கள்.

இரட்டையர்_அம்மா:

எல்லோரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மட்டும் எரிச்சலாக இருக்கிறது.

என் பையன்கள் படிக்கும் பள்ளியில் போன வருடம் ஹாலோவீனுக்கு வேஷம் கட்டாயம். ஒன்றுக்கு 650, இரண்டு பேருக்கு 1,300. டிசம்பரில் சிவப்புச் சட்டை. விருப்பமிருந்தால் கொண்டாடுங்கள் என்றால் யாருக்கும் வருத்தமில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றறிக்கை அனுப்பிக் கொண்டாடச் சொன்னால் அது பண்டிகையா? வேண்டாம் என்று ஒருத்தி சொன்னால், அவள் பிள்ளை மட்டும் அன்று சீருடையில் உட்கார்ந்திருக்கும்.

பொங்கலும் அங்கே அப்படித்தான், அதைத்தான் சொல்ல வந்தேன். வேட்டி, பட்டுப்பாவாடை, தெர்மகோலில் கரும்பு. பானை இருந்தது, அடுப்பு இல்லை. தீ வைக்க அனுமதி கிடையாதாம். பானை வாயில் பஞ்சை வைத்துப் பொங்கியது போலக் காட்டிப் படம் எடுத்தார்கள். சிலந்தி வலைக்கு வாங்கிய பஞ்சில் மிச்சமோ என்னவோ. இதில் எது நம்முடையது, எது அவர்களுடையது?

அதனால் காசு கொடுப்பதானால் கொடுங்கள், யாரிடமும் கட்டாய வசூல் மட்டும் வேண்டாம்.

பனைமட்டை:

கூட்டம் முடிந்தது. இரண்டு மணி நேரம், அதில் ஒன்றரை மணி நேரம் வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றி.

6,000 ரூபாய் கொடுப்பதாக முடிவு. எலும்புக்கூட்டைப் பட்டியலிலிருந்து நானே அடித்துவிட்டேன். இரட்டையர் அம்மா சொன்னபடி கூடுதல் வசூல் கிடையாது, வேஷம் அவரவர் விருப்பம். பெரியவரைப் பார்த்துச் சிரித்த பி பிளாக் பையனை அவர் வீட்டுக்கு அனுப்பினேன், மன்னிப்புக் கேட்க. காபி குடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்தான். என்ன பேசினார்கள் என்று கேட்டதற்கு "ஸ்டீம் எஞ்சின்" என்றான்.

ஊருக்குப் போன் செய்தேன். எங்கள் தோட்டத்தில் முன்பு பதினேழு பனை, இப்போது மூன்று. ஏறுபவர் கேரளத்துக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டாராம். அப்பா தொரட்டி கட்டி எப்படியோ பூ பறித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த வருடம் தீபம் டிசம்பர் 3. பார்சலில் வரும். காவலாளிகளின் மேற்பார்வையாளர் பேஸ்மென்டிலும் மொட்டை மாடியிலும் நெருப்பு கூடாது என்கிறார். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பின்னால் ஒரு காலி இடம் கிடைத்திருக்கிறது. வாசனை ஒரு மாதிரிதான்.

கரியை இடிக்கும் முன் வெயிலில் காயவைக்க வேண்டுமா? அப்பா வேண்டாம் என்கிறார், அத்தை இரண்டு நாள் என்கிறார். உப்பும் கொஞ்சம் சேர்த்ததாக ஞாபகம், எவ்வளவு என்பது மறந்துவிட்டது. தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஃபேன்சி_ஸ்டோர்_முருகு:

அம்மாவிடம் கேட்டேன். உப்பு ஒரு கைப்பிடி, பொறி வெடித்துச் சிதறுமாம். குழந்தைகள் சுற்றுவதானால் போடாதீர்கள் என்கிறார். கரி நமுத்திருந்தால் மட்டும் காயவையுங்கள். கயிறு பருத்திக் கயிறாக இருக்கட்டும், நைலான் உருகும்.