முதுகெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு புத்தகப் பை: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

சத்தியமங்கலம் பக்கம், கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி:

எனக்கு இருந்தது ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து போவது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கோடையில் கோவையில் ஆபரேஷன் நடந்தது. டைட்டானியம் கம்பியும் திருகாணிகளும் வைத்து முதுகை நிமிர்த்தி, எலும்புத் துகள்களை இடையில் வைத்து மூடிவிடுவார்கள். நிமிர்த்திப் பிடிப்பதுதான் கம்பியின் வேலை. எலும்பும் எலும்பும் ஒன்றாகச் சேர்ந்து இறுகுவதற்கு மாதக்கணக்காகும், ஒரு வருஷம்கூட ஆகலாம். அதுவரை குனியாதே, இடுப்பைத் திருப்பாதே, பாரம் தூக்காதே என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆரம்பத்தில் எனக்குக் கொடுத்த அளவு இரண்டு கிலோ. லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்தாலே அதில் பாதி போய்விடும்.

பள்ளிக்குத் திரும்பும் முன் அப்பா என் பையை மஞ்சள் நிறுக்கும் கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்தார். எட்டு கிலோவுக்கு மேல் காட்டியது. பதினொன்றாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் எல்லாம் இரண்டிரண்டு தொகுதி. தாவரவியலும் விலங்கியலும் வேறு தனித்தனி. இதோடு நோட்டு, டிபன் பாக்ஸ்.

இந்தப் பாரத்தைவிட என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. வளைவு நிமிர்ந்ததும் நான் கொஞ்சம் உயரமாகிவிட்டேன். யூனிபார்முக்குள் தழும்பும் தெரியாது. முன்பு கோணலாக நடந்தபோது ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டவர்கள், நிமிர்ந்து நடந்ததும் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். "இப்பத்தான் நல்லாயிருச்சே அம்மணி" என்பார்கள். சந்தோஷத்தில் சொல்வதுதான். ஆனால் உண்மையில் யாராவது தூக்கித் தர வேண்டிய மாதங்கள் அவைதான்.

எங்கள் ஊரிலிருந்து சத்திக்கு டவுன் பஸ். நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கி வைத்துக்கொள்வது நம் பக்கம் கேட்காமலே நடக்கும். அந்த வழக்கம் எனக்கு எவ்வளவு பெரிய துணை என்று அப்போதுதான் தெரிந்தது. புளியம்பட்டிச் சந்தை நாள் ஒன்றில் நிற்கவே இடமில்லை. கீரைக்கூடையோடு இருந்த ஒரு பெரியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, ஒடம்பு செரியில்லையா?" என்றார். ஆபரேஷன் என்றேன். கூடையைக் காலடிக்குத் தள்ளிவிட்டு என்னை உட்கார வைத்தார். பிரேக் அடிக்கும்போதெல்லாம் என் தோளுக்கு முன்னால் அவர் கை வந்து நின்றது. இறங்கும்போது கண்டக்டர் அண்ணனிடம், "ஏனுங், புள்ளைக்கு முதுகுல ஆப்ரேசனுங், மெதுவா எறங்கட்டும்" என்று சத்தமாகச் சொன்னார். அடுத்த நாளிலிருந்து அந்தக் கண்டக்டர் முன்படிக்குப் பக்கத்து சீட்டை எனக்காகக் கேட்டு வாங்கித் தந்தார். அவர் டியூட்டி மாறிப் போனபோது அடுத்தவரிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

பையை மடியில் கொடுப்பது சுலபம், திரும்ப வாங்குவதில்தான் கவனம் வேண்டும். உட்கார்ந்திருப்பவர் மடியிலிருந்து நாமே எடுத்தால் குனிந்து, திரும்பி, தூக்கி என்று மூன்றும் ஒரே நொடியில் நடந்துவிடும். "கொஞ்சம் மேலே தூக்கிக் குடுங்க" என்று கேட்டு, நெஞ்சோடு சேர்த்து வாங்குங்கள். பாரம் உடம்பைவிட்டுத் தள்ளிப் போகப் போக இடுப்பில் விழும் இழுப்பு அதிகம்.

ஆனாலும் தினமும் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருப்பது மனசை நசுக்கிவிடும். உதவியை ஒருமுறை கேட்டு, அதை ஏற்பாடாக ஆக்கிவிடுங்கள் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த அக்காவின் பழைய புத்தகங்களை வாங்கினோம். ஒரு செட் வீட்டில், ஒரு செட் பள்ளியில். வகுப்பாசிரியை லேப் அலமாரியில், குனியாமல் எடுக்கும் உயரத்தில் ஒரு தட்டை ஒதுக்கித் தந்தார். நோட்டுக்குப் பதில் தனித் தாள்களில் எழுதி வீட்டில் கோத்துக்கொண்டேன். வீட்டுச் செட்டைக்கூட பைண்டிங் கடையில் கொடுத்துப் பாடம் பாடமாகப் பிரித்துவிட்டோம். படுத்துக்கொண்டு படிக்க அது மிகவும் வசதி.

சக்கரம் வைத்த பையைப் பள்ளியில் அனுமதிக்கவில்லை. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2020 பள்ளிப் பைக் கொள்கையும் படிக்கட்டில் அடிபடும் என்று சக்கரப் பை வேண்டாம் என்றுதான் சொல்கிறது. எனக்கும் அது ஒத்துவராது, மாடிப்படியில் படிக்குப் படி தூக்க வேண்டும். அதே கொள்கையில், பத்தாம் வகுப்பு வரை பையின் எடை உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. பள்ளியில் பேசப் போகும்போது அதைச் சொல்லுங்கள்.

திருப்பூர், டிப்ளமோ மாணவர்:

எனக்கு முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் விலகி, எல்4-எல்5 இடத்தில், அதாவது இடுப்புப் பக்கம் நான்காவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவில் ஆபரேஷன். தழும்பு ஒரு இஞ்ச்தான். கோயமுத்தூர் போகும் ரயிலில் ஒரு பெரியவர் அவர் பெட்டியை மேலே ஏற்றச் சொன்னார். முடியாதுங்க என்றதும், "இளந்தாரிப் பையன் இப்படிச் சொல்றயே" என்று ரயில் பெட்டி முழுக்கக் கேட்கத் திட்டினார். தலைக்கு மேல் பாரம் தூக்குவதை டாக்டர் கண்டிப்பாகத் தடுத்திருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு இடுப்பைத் தாங்கப் போடும் பெல்ட்டை நான் சட்டைக்குள்தான் போட்டிருந்தேன். பக்கத்திலிருந்த அண்ணன் பெட்டியை ஏற்றிவிட்டார். அப்புறம் கொஞ்ச நாள் பெல்ட்டைச் சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டு போனேன், யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒன்று மட்டும், பெல்ட் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் பாரம் தூக்கக் கூடாது என்று பிசியோதெரபி அக்கா அழுத்திச் சொன்னார்.

தாராபுரம், ஒரு அம்மா:

என் மகளுக்கும் ஸ்கோலியோசிஸ் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஜூனில் பள்ளிக்குப் போகிறாள். கூடப் படிக்கும் பிள்ளை ஒருத்தி, "நான் தூக்கிக்கறனுங் அத்தை" என்கிறாள். பாவம், ரெண்டு பையை அந்தச் சின்னப் பிள்ளை எத்தனை நாளைக்குத் தூக்கும்? அவள் அம்மா முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

சத்தியமங்கலம் மாணவி:

அக்கா, அந்தத் தங்கச்சியை முழுப் பையையும் தூக்க விடாதீங்க. டிபனையும் தண்ணீர் பாட்டிலையும் மட்டும் கொண்டு வரச் சொல்லுங்க. தண்ணீரைப் பள்ளியிலேயே பிடித்துக்கொண்டால் அந்த ஒரு கிலோவும் குறையும். அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது பையை எடை போட்டுக் கொண்டு போங்க. எத்தனை கிலோ, எத்தனை மாதம், ஒரு பீரியடில் எவ்வளவு நேரம் தொடர்ந்து உட்காரலாம் என்பதை டாக்டரிடம் சீட்டில் எழுதி வாங்கி, ஒரு ஜெராக்ஸை வகுப்பு டீச்சரிடமும் இன்னொன்றைப் பி.டி. சாரிடமும் கொடுங்க. முடிந்தால் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தரக் கேளுங்க. பள்ளி திறப்பதற்கு முந்தின வாரமே போய்க் கேட்டால், டைம்டேபிள் போடும்போதே கவனித்துக்கொள்வார்கள்.