புகையே பிடிக்காதவருக்கு நுரையீரல் புற்றுநோய்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

செம்பருத்தி:
அம்மாவுக்கு 61 வயது. போன மாதம் ரிப்போர்ட் வந்தது, அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய். டாக்டர் முதலில் கேட்டது சிகரெட், பீடி, சுருட்டு. அம்மா வெற்றிலைகூடப் போட்டதில்லை. அடுத்து, “எந்த அடுப்புல சமைச்சீங்கம்மா?” என்றார். அம்மா வாயைத் திறக்கவில்லை. ஊதுகுழலைப் பிடிப்பதுபோல் கையைக் குவித்து வாயருகே வைத்து ஊதிக் காட்டினார். பாதியிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. கல்யாணமாகி வந்ததிலிருந்து சீமைக்கருவேல விறகுதான், மழைக்காலத்தில் அதுவும் ஈரம். அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது. நான் காலேஜ் போன பிறகுதான் கேஸ் வந்தது. அந்தக் குவித்த கை கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

திண்ணை:
விறகடுப்புதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அப்படியானால் நம் பாட்டிகள் எல்லாருக்கும் வந்திருக்க வேண்டும். என் மனைவி முதல் நாளிலிருந்து கேஸில் சமைத்தவள். புகைத்தது நான். 26 வருஷம், டிவி முன்னால் உட்கார்ந்து, தினம் ஒரு பாக்கெட். நோய் அவளுக்கு. புகைக்கும் கணவரோடு வாழும் மனைவிக்கு இந்த நோய் கூடுதலாக வருகிறது என்று ஜப்பானில் ஹிராயாமா என்ற ஆராய்ச்சியாளர் 1981-லேயே எழுதிவிட்டார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன், சிகரெட்டைத் தொட்டதுகூட இல்லை. ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்தவள் என்னைப் பார்த்து, “சாப்பிட்டீங்களா?” என்றாள். இதற்கு மேல் எழுத வரவில்லை.

செம்பருத்தி:
ஐயா, நம் பாட்டிகளுக்கு யார் ஸ்கேன் எடுத்தார்கள்? ‘இளைப்பு’ என்று சொல்லிக்கொண்டே அனுப்பிவைத்தோம். சீனாவில் யுன்னான் மாகாணத்துச் சுவான்வேயில் பெண்கள் புகைப்பது அபூர்வம். ஆனாலும் அந்த நாட்டிலேயே இந்த நோயால் பெண்கள் மிக அதிகமாகச் செத்த ஊர்களில் அது ஒன்று. வீட்டுக்குள் எரித்த நிலக்கரியின் புகைதான் காரணம். அடுப்புக்குப் புகைபோக்கி வைத்த வீடுகளில் நோய் குறைந்தது. அது போகட்டும், அக்கா இப்போது எப்படி இருக்கிறார்?

பட்டறை மகன்:
இரண்டு பேரும் வீட்டுக்குள்ளேயே நிற்கிறீர்கள். என் அப்பா லாரிப் பட்டறையில் பிரேக் வேலை பார்த்தவர். டிரம்மைக் கழற்றி ஏர் அடிப்பார். ஒரு நாள் தூக்குவாளியோடு போனேன், புருவமெல்லாம் வெள்ளையாக நின்று சிரித்தார். பிரேக் லைனிங்கில் இருப்பது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. பீடியும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘பீடி’ என்று மட்டும் எழுதினார்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கல்நாரும் பீடியும் ஒன்றுசேர்ந்தால் ஆபத்து இரண்டையும் கூட்டினால் வருவதைவிடப் பெரியது. பிரிட்டன் 1999-ல் கல்நாரைத் தடை செய்துவிட்டது. இங்கே இன்றைக்கும் அதைத்தான் கூரையில் போடுகிறோம்.

ஸ்கார்பரோ:
என் அத்தான் புகை, குடி ஒன்றும் இல்லாதவர். 11 வருடம் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தவர். 52 வயதில் போய்விட்டார். பிறகு அந்த அறையில் ரேடான் என்ற கதிரியக்க வாயுவை அளந்தோம், கன மீட்டருக்கு 410 பெக்கரல். அதுதான் காரணம் என்று அறுதியாகச் சொல்ல ஏலாது. ஆனாலும் கனடாவில் இருக்கும் ஆட்கள் தயவுசெய்து கேளுங்கோ. மண்ணிலும் பாறையிலும் இருக்கிற யுரேனியம் சிதைந்து வரும் வாயு இது. மணமும் இல்லை, நிறமும் இல்லை. அத்திவார வெடிப்புகளால் உள்ளே வரும். பனிக்காலத்தில் கதவு யன்னல் பூட்டியே கிடப்பதால் கூடிப்போகும். புகைக்காதவர்களுக்கு இங்கே நுரையீரல் புற்றுநோய் வருவதற்கு முதல் காரணம் இதுதான். அரசாங்கம் வைத்த வரம்பு கன மீட்டருக்கு 200 பெக்கரல். அளக்கிற கருவியைக் குறைந்தது 3 மாதம் வையுங்கோ, இரண்டு நாள் பார்த்துவிட்டு எடுக்க வேண்டாம். ஆட்கள் படுக்கும் அறையில் வையுங்கோ, குசினியிலும் குளியலறையிலும் வேண்டாம். கூடுதலாகக் காட்டினால், நிலத்துக்குக் கீழே குழாய் இறக்கி, விசிறி பூட்டி வெளியே விடலாம். வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டாலும் கருவியை வாங்கி நீங்களே அளவுங்கோ. அத்தானுக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை.

திண்ணை:
மூன்றாவது கீமோ முடிந்திருக்கிறது, தங்கச்சி. பால்கனியில் உட்காருகிறாள். அப்பாவின் வேலை பற்றிப் பட்டறை மகன் எழுதியது சரி. நானும் அதை யோசித்ததில்லை.

செம்பருத்தி:
அம்மாவுக்கு மரபணு மாற்றம் இருக்கிறதாம், அதனால் தினம் ஒரு மாத்திரை. ஊரில் அத்தை இன்னும் வெந்நீருக்கு விறகுதான் வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய் ஹீட்டர் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். நேற்று போன் பண்ணினேன். “கரண்ட் பில்லு ஏறும்ல” என்றார். பேச்சுக்கு நடுவே ஊதுகுழல் சத்தம் கேட்டது.