தாத்தாவின் படைச் சேவை எண்ணைக் கண்டறிய உதவி தேவை

வணக்கம். மதராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படைப்பிரிவில் ஹவில்தாராக இருந்த என் தாத்தாவின் பணி வரலாற்றை எழுதி வருகிறேன். அவருடைய சேவை எண் தெரியாததால் வேலை அப்படியே நின்றுவிட்டது.

வேலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1942இல் படையில் சேர்ந்த அவர், பெங்களூரில் பயிற்சி முடித்துப் பர்மா முனைக்குச் சென்றார். 1944 டிசம்பரில் கலேவாவில் சிந்த்வின் ஆற்றின் மேல் 1,154 அடி நீளத்துக்குப் போடப்பட்ட பெய்லி பாலத்தில் (இரும்புச் சட்டங்களைப் பூட்டி விரைவாக அமைக்கும் பாலம்) தாமும் வேலை செய்ததாகச் சொல்வார். பத்தடி நீள இரும்புச் சட்டத்தை ஆறு பேர் தூக்கிவந்து பூட்டும் விதத்தை, திண்ணையில் உட்கார்ந்தபடி கைகளாலேயே காட்டுவார். 1946இல் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பியவர், 1948இல் பவானிசாகர் அணை வேலை தொடங்கியதும் அங்கே மேற்பார்வையாளராகச் சேர்ந்து, 1955இல் அணை முடியும் வரை இருந்தார். படையில் கற்ற தொழிலே பிற்பாடு அவருக்குச் சோறு போட்டது என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் உறுதி.

அவருடைய விடுவிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கரையான் அரித்துவிட்டது. கம்பெனி முத்திரையில் பாதிதான் தெரிகிறது. நடுவில் சிவப்பும் இருபுறமும் ஆரஞ்சுக் கோடிட்ட கருநீலமுமான பர்மா ஸ்டார் போர்ப் பதக்கத்தின் நாடா பத்திரமாக இருக்கிறது. ஆவண அலுவலகத்துக்கு இருமுறை எழுதினேன். எண் இல்லாமல் தேட இயலாது என்றே பதில் வந்தது. அவருக்கு ஓய்வூதியம் இல்லாததால் அந்த வழியிலும் தாள் எதுவும் கிடைக்கவில்லை.

பெயர், ஊர், சேர்ந்த ஆண்டு ஆகியவற்றை மட்டும் வைத்துச் சேவை எண்ணைக் கண்டறிந்தவர்கள் இருந்தால், எந்தப் பதிவேட்டில் தேடினீர்கள் என்று சொல்ல முடியுமா?