நெருக்கடியான வாரம், இரவில் ஏதாவது இனிப்பாக பேக் செய்யத் தோன்றுகிறது. எது சரிப்படும்?

மழைச்சாரல்:
வேலையில் வருடக் கணக்கு முடிக்கும் வாரம். வீட்டுக்கு வரும்போது மூளை சுத்தமாகக் காலி, ஆனால் படுத்தால் தூக்கமும் வருவதில்லை. இப்படி இருக்கும்போது எனக்கு ஏதாவது பேக் செய்தால் மனசு கொஞ்சம் அடங்கும், சாப்பிடுவதை விட அந்த வாசனைக்காகத்தான் என்று கூடச் சொல்லலாம். பிரச்சினை என்னவென்றால் எனக்குத் தெரிந்தது எல்லாம் கிரீம் வைத்த கேக், லேயர் கேக் மாதிரி வார இறுதிச் சமாச்சாரங்கள். அதை எட்டு மணிக்கு மேல் ஆரம்பித்தால் இருக்கிற டென்ஷன் இரண்டு மடங்காகிவிடும். சின்ன ஓவன் இருக்கிறது, தராசு இருக்கிறது, கலவையை அடிக்கும் பீட்டர் மெஷின் இல்லை. தனியாக இருப்பதால் பெரிய டிரே நிறையச் செய்தால் முழுவதையும் நானே தின்று தீர்ப்பேன், அதுவும் வேண்டாம். பாத்திரம் குறைவாக விழவேண்டும். யோகா செய், நடந்து வா என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள், அதெல்லாம் தெரியும்.

வெண்ணெய்விரல்:
ஷார்ட்பிரெட், அதாவது கரகரவென்று உதிரும் வெண்ணெய் பிஸ்கட். யோசிக்கவே வேண்டாம். 1:2:3 என்ற கணக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு, மைதா மூன்று, எல்லாம் எடைக் கணக்கு. உங்களுக்கு 50 கிராம், 100 கிராம், 150 கிராம் போதும். ஒரு சிட்டிகை உப்பு. உப்பு சேர்த்த வெண்ணெய் என்றால் அதுவும் வேண்டாம். முட்டை கிடையாது, பேக்கிங் பவுடர் கிடையாது, அதனால் பொங்குமா பொங்காதா என்று ஓவன் கண்ணாடி முன்னால் குத்தவைத்து உட்காரும் வேலையும் கிடையாது.

மிருதுவான வெண்ணெயையும் சர்க்கரையையும் மரக்கரண்டியால் குழைத்து, மைதாவைப் போட்டு, உதிரியாக இருப்பது ஒன்று சேரும் வரை மட்டும் விரலால் பிசையுங்கள். அதற்கு மேல் போனால் மாவில் குளூட்டன் என்ற இழுவைப் புரதம் உருவாகி பிஸ்கட் கடினமாகிவிடும், கரகரவென்று உதிராது. டிரேயில் அமுக்கி, முள்கரண்டியால் குத்தி, 160 டிகிரியில் அரை மணி நேரம் போல. ஓரம் லேசாகப் பொன்னிறமானால் எடுத்துவிடலாம். வெளியே வரும்போது மெத்தென்றுதான் இருக்கும், வேகவில்லை என்று திரும்ப உள்ளே வைக்காதீர்கள், ஆறினால் இறுகிவிடும். துண்டு போடுவதை மட்டும் சூடாக இருக்கும்போதே செய்துவிடவேண்டும், ஆறிய பிறகு வெட்டினால் நொறுங்கும்.

கணக்குப்புலி:
ஷார்ட்பிரெட் நல்ல யோசனைதான், ஆனால் "முழுவதையும் நானே தின்பேன்" என்கிறாரே, அதற்கு அதில் வழி இல்லை. என் வோட்டு சாக்லேட் சிப் குக்கீஸுக்கு. வாரம் தொடங்கும் முன் ஒரு நாள் மாவைக் கலந்து உருண்டை பிடித்து ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும், தினமும் இரவு இரண்டே இரண்டு. ஃப்ரீசரில் இருந்து நேராக டிரேயில் வைத்து 180 டிகிரியில் பன்னிரண்டு, பதினான்கு நிமிடம், அவ்வளவுதான். உறைந்த உருண்டை என்பதால் அதிகம் பரவாது, நடுவில் கனமாக மெத்தென்று வரும், எனக்கு அதுதான் பிடிக்கும். வீடு முழுக்க வாசனையும் ஒவ்வொரு நாளும் கிடைக்கும், அது முக்கியம் என்று நீங்களே சொன்னீர்கள்.

அளவு: உருக்கிய வெண்ணெய் 115 கிராம், பழுப்புச் சர்க்கரை 100 கிராம், வெள்ளைச் சர்க்கரை 50 கிராம், ஒரு முட்டை, மைதா 160 கிராம், பேக்கிங் சோடா அரை டீஸ்பூன், கால் டீஸ்பூன் உப்பு, நறுக்கிய சாக்லேட் 150 கிராம். வெண்ணெயை உருக்கிவிடுவதால் பீட்டரே தேவையில்லை, ஒரே பாத்திரம். பழுப்புச் சர்க்கரையைக் குறைக்காதீர்கள், அதில் இருக்கும் மொலாசஸ் என்ற கரும்புப் பாகுதான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. ஒன்று சொல்ல மறந்தேன், பச்சை மாவைத் தின்னவேண்டாம். எல்லோரும் முட்டையை மட்டும்தான் சொல்வார்கள், வேகாத மைதாவிலும் கிருமி இருக்கலாம்.

மாவுக்கை:
எல்லோரும் வேலையைக் குறைப்பது எப்படி என்றே சொல்கிறீர்கள். அவர் கேட்டது மனசு அடங்க. எனக்கு மனசு அடங்குவது பத்து நிமிடம் மாவு பிசைவதில்தான், கை வேலையில் இருக்கும்போது போனைத் தொடக்கூட முடியாது, அதுவே பாதி நிம்மதி. இலவங்கப்பட்டை ரோல் செய்யுங்கள். இரவில் ஈஸ்ட் மாவைப் பிசைந்து மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும், மறுநாள் மாலை வந்து சுருட்டி, பொங்கவிட்டு, பேக் செய்தால் போதும். ருசியும் நேரடியாகச் செய்வதை விடக் கூடுதல். பால் மட்டும் விரல் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கவேண்டும், கொதிக்கும் பாலை ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும்.

கணக்குப்புலி:
@மாவுக்கை வருடக் கணக்கு முடிக்கிற வாரத்தில் ஈஸ்ட் மாவா! ஃபிரிட்ஜில் ஒரு பொறுப்பு உட்கார்ந்திருக்கிறது என்ற நினைப்பே எனக்கு டென்ஷன். மறுநாள் வேலை முடிய பத்து மணி ஆனால் என்ன செய்வார்?

மாவுக்கை:
@கணக்குப்புலி இன்னொரு நாள் ஃபிரிட்ஜிலேயே கிடக்கட்டும், ஒன்றும் ஆகாது. மேலே அமுக்கிக் காற்றை மட்டும் வெளியேற்றிவிட்டால் சரி. குக்கீ உருண்டை உங்களுக்கு ஓய்வு, பிசைவது எனக்கு ஓய்வு, அவருக்கு எது என்று அவர்தான் சொல்லவேண்டும்.

மழைச்சாரல்:
சண்டை போடாதீர்கள், இரண்டும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்கே பத்து மணிக்குத்தான் வருவேன் போலிருக்கிறது, ஓவன் சூடாகிற வரைக்கும் கூடப் பொறுமை இருக்காது. அந்த மாதிரி நாளுக்கு? அப்புறம், அந்த நேரத்தில் சாக்லேட் தின்றால் தூக்கம் கெடுமா?

இரவுப்பறவை:
அந்த மாதிரி நாளுக்கு மக் கேக். பேக்கிங் என்று அதைச் சொல்லலாமா என்று இங்கே சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். பெரிய கப்பில் மைதா 4 டேபிள்ஸ்பூன், கோகோ 2, சர்க்கரை 3, பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன், பால் 4 டேபிள்ஸ்பூன், எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன். கட்டியில்லாமல் கலக்கி மைக்ரோவேவில் முழுச் சூட்டில் 60 நொடி, பிறகு பார்த்துப் பார்த்துப் பத்துப் பத்து நொடி. மேலே லேசாக ஈரம் இருக்கும்போதே நிறுத்துங்கள், உள்ளே சூடு ஓடிக்கொண்டுதான் இருக்கும். முட்டை போடாதீர்கள், அந்தச் சின்ன அளவுக்கு ஒரு முழு முட்டை ரப்பராக்கிவிடும். கப் பாதிக்கு மேல் நிறையக்கூடாது, இல்லாவிட்டால் பத்து மணிக்கு மைக்ரோவேவைத் துடைக்கவேண்டும்.

தூக்கம் பற்றி: கறுப்புச் சாக்லேட் 30 கிராமில் காஃபின் சுமார் 20 மில்லிகிராம் இருக்கும், ஒரு கப் காபியில் இருப்பதோடு பார்த்தால் குறைவு. ஆனாலும் காஃபின் ஒத்துக்கொள்ளாத ஆட்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு மாலை டீயே தூக்கத்தைக் கெடுக்கும் என்றால் கோகோவை விட்டுவிட்டு, மைதாவை ஒரு ஸ்பூன் கூட்டி, பாலை ஒரு ஸ்பூன் குறைத்து, வனிலாவும் இலவங்கப்பட்டைத் தூளும் போடுங்கள்.

மழைச்சாரல்:
டீ என்னை ஒன்றும் செய்யாது, அதனால் கோகோவே இருக்கட்டும். நாளைக்கு மக் கேக், மறுநாள் கொஞ்சம் சீக்கிரம் வந்தால் ஷார்ட்பிரெட். ரோல் கணக்கு முடிந்த பிறகு, @மாவுக்கை கோபித்துக்கொள்ளவேண்டாம். வெண்ணெய் இப்போது ஃபிரிட்ஜில் கல்லாக இருக்கிறது, மறுநாள் வேலைக்குப் போகும் முன்பே வெளியே எடுத்து வைத்துவிடலாமா?

வெண்ணெய்விரல்:
நாள் முழுக்க வேண்டாம், உருகி எண்ணெயாகிவிட்டால் மாவு வழவழவென்று போய்விடும். வந்தவுடன் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வையுங்கள், நீங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் பதமாகியிருக்கும்.